பூட்டிய வீடும் தனியாக இருந்த அப்பாவும்

கேள்வி: ஐயா, நான் பள்ளி ஆசிரியை. நாங்கள் மதுரை திருப்பாலை பக்கம் இருக்கிறோம். போன சிவராத்திரிக்குத் தெருவில் பாதிப் பேர் குலதெய்வம் கோயிலுக்குப் போயிருந்த ராத்திரியில் இரண்டு வீட்டை உடைத்து நகை, பணம் எல்லாம் எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் தெளிவதற்குள் திருமங்கலத்தில் இருக்கும் என் அப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால். போலீஸ் உடுப்பில் ஒருத்தன், "உங்கள் ஆதாரில் வாங்கிய சிம் மும்பையில் ஒரு வழக்கில் மாட்டியிருக்கிறது, உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று சொல்லி மதியம் முழுக்க அவரை நகரவிடாமல் உட்கார வைத்துவிட்டான். அப்பா ஆதார் நம்பர், பாஸ்புக் முதல் பக்கம் எல்லாம் காட்டிவிட்டார். எஃப்.டி.யை உடைக்க வங்கிக்குக் கிளம்பிய நேரத்தில் அம்மா ரேஷன் கடையிலிருந்து வந்து "யாருங்க அது?" என்று சத்தமாகக் கேட்க, அவன் கட் செய்துவிட்டான். பணம் போகவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவரிடம் ஸ்மார்ட் போனே வேண்டாம் என்று வாங்கி வைத்துவிடலாமா? பணம் போகாததற்கும் புகார் கொடுக்க முடியுமா? எங்கள் வீட்டுக்கு கேமரா போட்டால் போதுமா? நகையை லாக்கரில் வைத்துவிட்டால் பொறுப்பு வங்கியுடையதுதானே?

பதில்: சகோதரி, முதலில் உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கேட்ட அந்த ஒரு கேள்விதான் எஃப்.டி.யைக் காப்பாற்றியிருக்கிறது. குற்றப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் தெருவில் நடந்ததும் அப்பாவுக்கு நடந்ததும் வேறு வேறு விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் இரண்டிலும் திருடனுக்கு வேண்டியது ஒன்றுதான், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. வீடு உடைப்பவன் ஆள் இல்லாத வீட்டைத் தேடிப் போகிறான். போனில் வருபவன் வீட்டில் இருக்கிற ஆளையே தனியாளாக ஆக்கிவிடுகிறான். "கதவைச் சாத்துங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், சொன்னால் அவர்களும் வழக்கில் வருவார்கள், கேமராவை விட்டு நகராதீர்கள்" என்று அப்பாவிடமும் சொல்லியிருப்பான், கேட்டுப் பாருங்கள். அதனால் பூட்டு, கேமரா, லாக்கர் எல்லாவற்றுக்கும் முன்னால், வீடும் ஆளும் தனித்துப் போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது.

அப்பா விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், அதுதான் அவசரம்.

போனை வாங்கி வைக்காதீர்கள். ஏமாந்துவிட்டோம் என்று ஏற்கெனவே கூனிக் குறுகி இருக்கிற மனிதரிடம் போனையும் பிடுங்கினால், நீ எதற்கும் லாயக்கில்லை என்று வீட்டார் சொன்னதாகத்தான் அவர் எடுத்துக்கொள்வார். அடுத்த முறை ஏதாவது நடந்தால் உங்களிடம் வாயே திறக்க மாட்டார், அந்தக் கும்பலுக்கு வேண்டியதும் அதுதான். இந்த மோசடியில் படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், டாக்டர்கள் என்று எல்லோரும் பணத்தை விட்டிருக்கிறார்கள். நேர்மையாக வாழ்ந்தவர்கள்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள். நம் பெயரில் வழக்கா, ஊர் என்ன சொல்லும் என்ற பதற்றம் அவர்களுக்குத்தான் இருக்கும். அதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், ஆறுதலுக்காக இல்லை, உண்மையே அதுதான்.

அப்புறம் சட்டத்தையும் சொல்லுங்கள், தெம்பு வரும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் நாட்டுச் சட்டத்தில் ஒன்று கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். கைது என்றால் போலீஸ் நேரில் வர வேண்டும், பெயர் தெரியும்படி இருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பெரியவர்களுக்கு இன்னும் கூடப் பாதுகாப்பு இருக்கிறது. மூன்று வருடத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றம் என்றால், 60 வயது தாண்டியவரை டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. சாட்சியாக விசாரிக்க வேண்டும் என்றால் கூட 60 தாண்டியவரை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, போலீஸ்தான் அவர் வீட்டுக்கு வர வேண்டும். அப்புறம் "உங்கள் பணத்தை ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்" என்று சொல்வார்களே, ரிசர்வ் வங்கி தனி நபர்களுக்குக் கணக்கு வைப்பதே இல்லை. வருகிற கால் எந்த வேஷத்தில் வந்தாலும் சரி, மின்வாரியம், கூரியர், தொலைத்தொடர்பு ஆணையமான டிராய், மகன் விபத்தில் மாட்டிக்கொண்டான் என்று அழுகிற குரல், எதுவானாலும் சரி, அவசரம், ரகசியம், பணம் இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் போனை வைத்துவிட வேண்டியதுதான். மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று யோசிக்கவே வேண்டாம்.

வீட்டுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ, நீங்களே ஒரு தொகை வைத்துக்கொண்டு, அதற்கு மேல் யாருக்குப் பணம் அனுப்புவதாக இருந்தாலும் இன்னொருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவது என்று. இது அப்பாவுக்கு மட்டும் போடும் கட்டுப்பாடாக இருக்கக் கூடாது, உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அதுவேதான். அப்போதுதான் அவருக்கு உறுத்தாது. நான் பார்த்தவரை, ஏமாந்தவர்கள் நடுவில் ஒருத்தரிடம் நடப்பதைச் சொல்லியிருந்தாலே போதும், சொல்லும்போதே அவர்களுக்குப் பாதி விளங்கிவிடுகிறது.

இனி அவர் காட்டிவிட்ட ஆதாரும் பாஸ்புக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு உடனே பணத்தை எடுத்துவிட முடியாது, பதற வேண்டாம், ஆனால் சும்மாவும் விடக் கூடாது. ஆதார் செயலியில் அல்லது ஆதார் இணையதளத்தில் கைரேகை, கருவிழியைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். போலிக் கைரேகை செய்து ஆதார் மூலம் பணம் எடுத்த வழக்குகள் உண்டு, பூட்டிவிட்டால் அந்த வழி அடைபடும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம், அவருடையது இல்லாத எண் இருந்தால் அங்கேயே "என்னுடையது அல்ல" என்று குறிக்கலாம். அந்த மதியம் ஏதாவது செயலியை இறக்கச் சொன்னானா என்று பொறுமையாகக் கேளுங்கள். எனிடெஸ்க் மாதிரி திரையைப் பகிரும் செயலியோ, வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்போ (தொட்டால் போனில் செயலியாக ஏறிக்கொள்ளும் கோப்பு) உள்ளே போயிருந்தால் நெட்டைத் துண்டித்து அதை நீக்கிவிட்டு, வேறு போனிலிருந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். இப்போது கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராத ரசீது என்ற பெயரிலெல்லாம் இந்த ஏபிகே வருகிறது, தெரிந்தவர் எண்ணிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனும் மாட்டியிருக்கும். அப்புறம் வங்கியில் பேசி, ஓய்வூதியமும் எஃப்.டி.யும் இருக்கிற கணக்கில் யுபிஐ வேண்டாம் என்று எடுத்துவிட்டு, கைச்செலவுக்குச் சின்னதாக இன்னொரு கணக்கு வைத்து அதில் மட்டும் ஜிபே, போன்பே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பணம் வாங்குவதற்கு எந்த யுபிஐயிலும் பின் நம்பர் போடத் தேவையில்லை என்பதையும் அம்மாவுக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

பணம் போகாவிட்டாலும் புகார் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். அதே சஞ்சார் சாத்தியில் சக்ஷு என்ற பகுதி இதற்காகவே இருக்கிறது. கால் வந்த எண், நேரம், ஸ்கிரீன்ஷாட் இவற்றைப் போட்டால் அந்த எண்ணை முடக்க உதவும்.

பணம் போயிருந்தால் வேறு கணக்கு. அப்போது முதல் வேலை இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் போடுவது. சொந்தக்காரரைக் கேட்பது, வக்கீலைப் பார்ப்பது எல்லாம் அதற்கு அப்புறம்தான். திருடன் கணக்குக்குப் போன பணம் அங்கேயே உட்கார்ந்திருக்காது, நிமிடக் கணக்கில் நாலைந்து கணக்குக்குப் பிரிந்து ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ வெளியேறிவிடும். 1930இல் பதிவானதும் அந்தச் சங்கிலியில் உள்ள வங்கிகளுக்குத் தகவல் போய், எந்தக் கணக்கில் எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அதை அங்கேயே நிறுத்தி வைப்பார்கள். நின்ற பணத்தைத்தான் பின்னால் திரும்பப் பெற முடியும். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னவருக்கும் மறுநாள் சொன்னவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வங்கி கொடுத்துவிடும் என்று யாராவது சொன்னால் முழுசாக நம்பாதீர்கள். 2017இல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, உங்கள் தவறும் இல்லாமல் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ எடுத்த பணத்துக்கு மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. ஆனால் நாமே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது நம் நஷ்டம், தெரிவித்த பிறகு போனால்தான் வங்கியுடையது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இதையும் சொல்கிறேன். இந்தப் பணம் பாய்ந்து போகிற கணக்குகளில் நம் ஊர்க் கல்லூரிப் பையன்களுடையதும் இருக்கிறது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் யாரிடமோ கொடுத்துவிட்டு, வேறு மாநிலத்துப் போலீஸ் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயம் புரிகிறது. கும்பல் தலைவன் எங்கோ இருப்பான், கணக்குக்குச் சொந்தக்காரன் என்று இவன்தான் உள்ளே போவான். உங்களிடம் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பார்க்க வந்தால் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். எனக்கு மனசு தாங்காத வழக்குகள் இவை.

சரி, வீட்டுக்கு வருவோம்.

சிவராத்திரி, சித்திரைத் திருவிழா, பொங்கல், கோடை விடுமுறை, இந்த நாட்களில் மதுரையில் எந்தத் தெரு காலியாகும் என்று திருடனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பகலில் ஒரு சுற்று நடந்து பார்ப்பான். காலை ஒன்பது மணிக்கும் வாசல் தெளிக்காமல், கோலம் இல்லாமல் இருக்கும் வீடு, கேட்டில் சொருகிய துண்டு நோட்டீஸ் எடுக்கப்படாமல் இருக்கும் வீடு, மத்தியானத்திலும் எரிந்துகொண்டிருக்கும் வாசல் பல்பு, கிரில் கேட்டில் ரோட்டைப் பார்த்துத் தொங்கும் பெரிய பூட்டு, இவ்வளவும் அவனுக்குப் போதும். அதனால் ஊருக்குப் போகும்போது பால், பேப்பரை நிறுத்துங்கள், எதிர்வீட்டு அம்மாவிடம் வாசல் தெளித்து ரெண்டு கோடு இழுத்துவிடச் சொல்லுங்கள், ராத்திரி ஒரு விளக்கைப் போட்டுக் காலையில் அணைக்கவும் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். கோயிலில் பொங்கல் வைக்கிற படத்தை அங்கிருந்தே ஸ்டேட்டஸில் போடாமல் வீட்டுக்கு வந்த பிறகு போடுங்கள். ஸ்டேஷனிலும் தேதி சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், ரோந்து போகிறவர்கள் அந்த வீட்டையும் பார்த்துக்கொண்டு போவார்கள். இதைப் பலபேர் கூச்சப்பட்டுக்கொண்டு செய்வதில்லை, ஸ்டேஷனுக்குப் போவதா என்று. போங்கள், நம் வரிப்பணத்தில்தான் நடக்கிறது.

உங்கள் தெருவில் பத்து வீடாவது சேர்ந்து, இந்தச் சிவராத்திரிக்கு யார் யார் போகிறார்கள், யார் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே ராத்திரியில் குலதெய்வம் என்றால் இருக்கிற இரண்டு மூன்று குடும்பம் முறை வைத்து விழித்திருக்கலாம். தெருவுக்கு வருகிற இஸ்திரி வண்டிக்காரர், பூக்கார அம்மா, பழைய பேப்பர் எடுப்பவர், வடமாநிலத்துக் கட்டட வேலைப் பையன்கள், திருட்டு நடந்ததும் முதல் சந்தேகம் இவர்கள் மேல்தான் விழுகிறது. எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு. உங்கள் வாசலை தினமும் பார்க்கிறவர்கள் அவர்கள்தான், புதிய முகம் ஒன்று இரண்டு நாளாகத் தெருவில் சுற்றினால் நமக்கு முன்னால் அவர்கள் கண்ணில்தான் படும். அவர்களோடு பேசிப் பழகி வைத்திருந்தால் வந்து சொல்வார்கள், சந்தேகப்பட்டு விரட்டினால் கண்டும் காணாமல் போவார்கள்.

பூட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். திண்டுக்கல் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறோம், அதையே உடைத்துவிட்டார்களே என்பார்கள். போய்ப் பார்த்தால் பூட்டு உடைந்திருக்காது. பூட்டு மாட்டியிருந்த நாதாங்கிதான் பெயர்ந்து, பூட்டோடு சேர்ந்து அப்படியே தரையில் கிடக்கும். காரணம், அரை இஞ்ச் ஸ்குரூ நாலு போட்டு அதை மரத்தில் முடுக்கியிருப்பார்கள். வருடக்கணக்கில் மழையும் வெயிலும் பட்டு மரம் இளகியிருக்கும், கம்பியைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினால் ஸ்குரூவோடு வந்துவிடும், சத்தம் கூடக் கேட்காது. இன்றைக்கே ஒரு ஆசாரியைக் கூப்பிட்டு, முன்கதவு, பின்கதவு, மொட்டை மாடிக் கதவு மூன்றிலும் ஸ்குரூவை எடுத்துவிட்டு, கதவைத் துளைத்து ஊடே போகும் போல்ட் போட்டு உள்பக்கம் நட் முடுக்கச் சொல்லுங்கள். நிலையில் இருக்கும் துண்டுக்கும் அதே மாதிரி. கேமராவுக்கு ஆகும் பணத்தில் இது சின்னப் பங்குதான் ஆகும். முன்கதவைத் தேக்கில் இழைத்துவிட்டுப் பின்கதவுக்குத் தகரம் அடித்திருக்கும் வீடுகள் ஏராளம், திருடன் பின்னால்தான் வருவான். சாவியை மீட்டர் பெட்டி மேலும் செருப்பு ஸ்டாண்டிலும் வைக்கவே வேண்டாம். பீரோ சாவியைப் பீரோ தலையிலேயே வைத்துவிட்டுப் போவதும் வேண்டாம், உடைக்கும் வேலையைக் கூட நாமே மிச்சப்படுத்திக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கேமரா போடுங்கள், நல்லதுதான், ஆனால் கதவுகளைச் சரிசெய்த பிறகு போடுங்கள். முகம் தெரியும் உயரத்தில் ஒன்றாவது இருக்கட்டும், உச்சியில் வைத்தால் தொப்பிதான் பதிவாகும். பதிவு செய்யும் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பரணில் மறைவாக வையுங்கள், இல்லையென்றால் போனுக்கே பதிவு வருகிற மாதிரி வாங்குங்கள். கூடவே வந்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். தேதி, நேரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒரு தடவை பாருங்கள், தப்பான நேரம் இருந்தால் விசாரணையில் பெரிய தலைவலி.

லாக்கரில் வைப்பது வீட்டில் வைப்பதைவிட மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொறுப்பு முழுக்க வங்கியுடையது என்று நினைக்காதீர்கள். 2022 ஜனவரி முதல் உள்ள விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி இவற்றால் லாக்கரில் இருந்தது போனால் வங்கி தர வேண்டியது வருட வாடகையைப் போல நூறு மடங்கு வரைதான். வருடத்துக்கு 2,000 ரூபாய் வாடகை என்றால் அதிகபட்சம் இரண்டு லட்சம். இன்றைய தங்க விலைக்கு அது எத்தனை பவுன் வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வெள்ளம், பூகம்பம் என்றால் அதுவும் கிடையாது. அதனால் லாக்கரோடு சேர்த்து நகைக்குக் காப்பீடு உண்டா என்றும் விசாரியுங்கள்.

வீட்டில் இருந்தாலும் லாக்கரில் இருந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொரு நகையையும் ஒரு படம் எடுங்கள். திருகாணி, கல், பற்ற வைத்த இடம் தெரிகிற மாதிரி கிட்டத்தில் எடுங்கள், எடையையும் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். புது நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹால்மார்க் குறியீடு பொறித்திருக்கும், அதையும் குறியுங்கள். தெற்காவணி மூல வீதியில் ஒரே அச்சில் ஆயிரம் சங்கிலி விற்கிறது. பிடிபட்டவனிடம் நகை கிடைத்தாலும் அது உங்களுடையதுதான் என்று நீதிமன்றத்தில் காட்டினால்தான் கைக்கு வரும். அடையாளம் சொல்ல முடியாமல் மாதக்கணக்கில் அலைந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். தலைமுறை நகைகளுக்குப் பில் இருக்காது, கல்யாணப் போட்டோவில் அது கழுத்தில் இருந்தால் அந்தப் போட்டோவும் உதவும்.

பறிகொடுத்த அந்த இரண்டு வீட்டாரிடமும் ஒன்று கேளுங்கள், கையில் இருப்பது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா என்று. சி.எஸ்.ஆர். என்பது மனுவைப் பெற்றுக்கொண்டோம் என்பதற்கான ரசீதுதான். வீடு புகுந்து திருடியதற்கு எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். போட மறுத்தால் மாநகர எல்லைக்குள் கமிஷனருக்கும், வெளியே என்றால் எஸ்.பி.க்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இனி யார் வீட்டிலாவது இப்படி நடந்தால், மிளகாய்ப் பொடி தூவிக் கிடந்தாலும் சரி, துணிமணி இறைந்து கிடந்தாலும் சரி, கூட்டிப் பெருக்காமல், பீரோவைத் தொடாமல் வெளியே வந்து நின்றுகொண்டு 100க்கோ 112க்கோ சொல்லுங்கள். கைரேகை எடுப்பவர்கள் வருவதற்குள் ஆறுதல் சொல்ல வந்த சொந்தக்காரர்கள் எல்லோருடைய கையும் பீரோவில் பட்டுவிடுகிறது.

வங்கிக்கு அப்பாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். ரூபாய் நோட்டைக் கீழே போட்டு "ஐயா, உங்க பணம் விழுந்திருக்கு" என்பது, சட்டையில் அசிங்கம் பட்டிருக்கிறது என்று துடைத்துவிட வருவது, இதெல்லாம் இன்னமும் வங்கி வாசல்களில் நடக்கிறது, பணத்தோடு வெளியே வந்தால் வண்டி ஏறும் வரை யாருக்காகவும் குனியக் கூடாது, நிற்கக் கூடாது. மேனேஜரைப் பார்த்து நடந்ததைச் சொல்லுங்கள். அப்பாவையே சொல்ல விடுங்கள், நீங்கள் குறுக்கிடாதீர்கள். எஃப்.டி.யை இடையில் உடைப்பது நேரில் கிளைக்கு வந்தால் மட்டும்தான் என்று மாற்ற முடியுமா என்று கேளுங்கள், எஸ்.எம்.எஸ். போகிற எண்ணாக உங்கள் எண்ணையும் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள், நாமினியில் அம்மா பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாருங்கள்.